கடுக்காய் ஏந்திய புத்தர்

புத்தர் கையில் என்ன இருக்கும் என்று கேட்டால் திருவோடு என்பார்கள். கடுக்காய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டெல்லி லோதி சாலையில் திபெத் ஹவுஸ் அருங்காட்சியகத்தில் நான் பார்த்தது அதைத்தான். உடம்பெல்லாம் நீலமாக மருத்துவ புத்தர். இடக்கையில் மருந்துப் பாத்திரம், முழங்காலில் தாழ்ந்திருக்கும் வலக்கையில் காயோடும் இலையோடும் கடுக்காய்க் கொத்து.

நான் கொடைக்கானலில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவன். பழநி மலைச் சரிவுகளில் பளியர் பழங்குடியினர் பொறுக்கும் கடுக்காய், நாலு கை மாறி என் கடை சாக்குக்கு வந்து சேரும். கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்ற என்னை, “இங்கேயும் சரக்கு எடுக்கவா வந்தீர்கள்?” என்று மனைவி இழுத்தாள். அவளுக்கு மாலைக்குள் கரோல் பாக் போக வேண்டும்.

திபெத் ஹவுஸ் 1965-இல் தலாய் லாமா நிறுவிய இடம். அகதிகளாக வந்தவர்கள் காப்பாற்றிக் கொண்டுவந்த பொருள்கள் இங்கே நிறைய. தங்கா எனப்படும் துணி ஓவியங்களைப் பார்த்தால் அப்படிக் கொண்டுவர எப்படி முடிந்தது என்பது விளங்கும். பருத்தித் துணியில் வஜ்ஜிரப் பசையும் சுண்ணப் பொடியும் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் வரைகிறார்கள். சுற்றுக்கரை பட்டு. பாயைப் போலச் சுருட்டி எடுத்துக்கொண்டு மலை தாண்டிவிடலாம்.

நிறங்களைப் பார்த்தால் எங்கள் கடை அலமாரிதான். பழைய தங்காக்களில் சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்குத் தாளகம், பச்சைக்கும் நீலத்துக்கும் செம்புத் தாதுக் கற்கள். சாதிலிங்கத்தில் இருப்பது பாதரசம், தாளகத்தில் ஆர்செனிக்; இரண்டும் சித்த மருத்துவத்தில் பாஷாணங்கள். தாளகம் இடிக்கும் நாளில் அப்பா எங்களைக் கடைப் பக்கமே விடமாட்டார். பழநி மூலவரை நவபாஷாணத்தில் போகர் செய்தார் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு, விஷத்தில் தெய்வம் வரைவது ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. திபெத்திய மருத்துவத்திலும் பாதரசத்தைச் சுத்தி செய்து மருந்தில் சேர்க்கிறார்கள். போகர் சீனம் போனார், வந்தார் என்ற கதைகளை இதோடு முடிச்சுப் போட ஆசைதான். கதையைக் கதையாகவே விட்டுவிடுகிறேன்.

மண்டை ஓட்டுக் கிண்ணம், தொடை எலும்பில் செய்த ஊதுகுழல் போன்ற சடங்குப் பொருள்களைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் ஏரிப் பக்கம் ஸ்வெட்டர் விற்கும் திபெத்திய அம்மாவிடம் கடுக்காய் விஷயத்தைச் சொன்னேன். “எங்கள் வைத்தியர் தரும் மாத்திரைகளில் பாதிக்கு மேல் அதுதானே, அண்ணா!” என்றவர், “உங்கள் கடையில் கிலோ என்ன விலை?” என்றார். சொன்னேன். அவர் ஸ்வெட்டர் விலை சொல்லும்போது நான் சுளிக்கும் அதே சுளிப்பு. கடைசியில் கால் கிலோவுக்குப் பேசி முடித்தோம்.