சொந்தப் பாட்டுக்கு ஒரு இடம்
கிளிநொச்சியில் நான் பாட்டு எழுதி, மெட்டமைத்துப் பாடுகிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "எந்த இசைக்குழுவில தம்பி?" என்பதுதான். நியாயமான கேள்வி. வன்னியில் பாடகனுக்குக் காசு வருவது கோயில் திருவிழா மேடையிலும் கல்யாண மண்டபத்திலும். அங்கே சனம் கேட்க வருவது சினிமாப் பாட்டு. நானும் அதைப் பாடித்தான் வீட்டுச் செலவைப் பார்க்கிறேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும் காலத்திலிருந்து ஆவணி வரை மேடைகள் இருக்கும், மாரி தொடங்கிக் காலபோக நெல் விதைப்பு வந்தால் ஊரே வயலில் நிற்கும், அந்த மாதங்களில்தான் என் சொந்தப் பாட்டுகளை எழுதுகிறேன்.

எனக்குச் சொல்தான் முதலில் வரும். ஒரு வரியை வாய்விட்டுத் திரும்பத் திரும்பப் பேசிப் பார்ப்பேன், அதன் ஏற்ற இறக்கத்திலேயே மெட்டு பாதி இருக்கும். கிற்றாரை முதலே எடுத்தால் கை பழகிய இடத்துக்குப் போய்விடும், பிறகு சொல்லை அதற்குள் திணிக்க வேண்டிவரும். 'விடு' என்று எழுதியதை இழுத்துப் பாடினால் கேட்பவர் காதில் 'வீடு' என்று விழும். இடம்பெயர்ந்து திரிந்த சனத்துக்கு முன்னால் அந்த இரண்டையும் மாற்றிப் பாட முடியாது.

மெட்டு வந்தாலும் போனில் பதிய மாட்டேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மின்சாரம் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வீட்டில் ரேடியோ கேட்டோம். அண்ணா மிதிப்பார், நான் காதை வைத்திருப்பேன். போன பாட்டு திரும்பி வராது, ஒரு தரத்தில் பிடிக்க வேண்டும். விடியவும் மனதில் நிற்கிற மெட்டைத்தான் இன்றைக்கும் வைத்துக்கொள்கிறேன், மற்றது போகட்டும்.

நான் நிறையக் கற்றது முள்ளியவளைப் பக்கம் ஒரு வயதான அம்மாவிடம். நெல் அறுக்கும்போது பாடுகிற அரிவி வெட்டுப் பாட்டு கேட்கப் போயிருந்தேன். சும்மா இருந்து பாடச் சொன்னால் இரண்டு வரியில் நின்றுவிடுவார். கையில் அரிவாள் பிடித்ததுபோல அசைக்கத் தொடங்கினால் பாட்டு தானாக வரும், கை திரும்புகிற இடத்தில்தான் மூச்சும் எடுப்பார். வெட்டு மெசின் வந்த பிறகு வயலில் அந்தப் பாட்டுக்கு வேலை இல்லை. அந்த மூச்சை என் பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. ஸ்டூடியோவில் ஒரே சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டுப் பாடியபோது அந்த மூச்சு இருந்த இடமே தெரியவில்லை. சரி என்று குரலை மட்டும் முதலில் பதிந்து, மத்தளக்காரரை என் குரலைக் கேட்டு வாசிக்கச் சொன்னோம். நேரம் இரண்டு மடங்கு போனது, செலவும்தான். ஆனால் பாட்டு உயிரோடு இருந்தது.

காசு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பேசிய தொகையை மேடை முடிந்ததும் குறைத்துத் தந்தவர்கள் உண்டு, கேட்காமலே என் பாட்டைக் கல்யாண வீடியோவில் போட்டவர்களும் உண்டு. இப்போது பாதி முற்பணம் வாங்காமல் போவதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இலங்கையில் பாட்டின் பதிப்புரிமை எழுதியவரின் ஆயுட்காலத்துக்கும் அதன் பிறகு 70 வருடத்துக்கும் இருக்கிறது. எழுதுகிற தம்பி தங்கச்சிமார் இதைத் தெரிந்து, எதையும் கடதாசியில் எழுதி வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் வன்னிக்காரனிடம் அழுகைப் பாட்டைத்தான் எதிர்பார்க்கிறார்கள். 2009ஐப் பற்றி எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். ஆனால் இங்கே சனம் உழுகிறது, கோபிக்கிறது, காதலிக்கிறது, அதையும் யாராவது பாட வேண்டும். மேடையில் இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவே என் பாட்டு ஒன்றை வைப்பேன். இரண்டாவது தரம் பல்லவி வரும்போது முன்னால் இருக்கிற பிள்ளைகள் சேர்ந்து பாடினால் அந்தப் பாட்டு அடுத்த மேடைக்கும் வரும். இப்போது இரணைமடுக் குளத்துத் தண்ணீரைச் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, பங்கு பிரிக்கும் கூட்டத்தில் நடக்கிற வாய்த்தர்க்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன், பல்லவி சரி, கமக்காரர் பேசுகிற வேகத்துக்குச் சரணம் இன்னும் வரவில்லை.