நான்கு விரிசல்களும் 300 மில்லிமீட்டர் இடைவெளியும்

திருச்சிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டிங் சூபர்வைசராக இருந்தேன். ஐப்பசி மாதம், அடைமழை. பெரிய கிரேன் ஒன்றுக்கான பாகம் வேலையில் இருந்தது. தகட்டின் கனம் 50 மில்லிமீட்டர். 690 மெகாபாஸ்கல் வரை தாங்கிய பிறகே வளைந்து கொடுக்கத் தொடங்கும் வலுவான எஃகு. இந்த வகை எஃகில் ஹைட்ரஜன் விரிசல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஈரம் ஏறிவிடக் கூடாது என்று வெல்டிங் ராடு விஷயத்தில் கெடுபிடியாகவே இருந்தோம். 350 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டு, 120 டிகிரி ஓவனில் வைத்து, போர்ட்டபிள் ஓவனில்தான் வெல்டரிடம் கொடுப்போம். வெளியே எடுத்து அரை மணி நேரம் தாண்டிய ராடு திரும்பி வந்துவிட வேண்டும். பிரீஹீட், அதாவது வெல்டிங்குக்கு முன் தகட்டைச் சூடாக்குவது, 125 டிகிரி. வெல்டிங்கின் ஒவ்வொரு அடுக்கும் ஒரு பாஸ். பாஸுக்கும் பாஸுக்கும் நடுவே சூடு 200 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எஃகின் வலு குறைந்துவிடும்.

வெல்டிங் முடிந்தது. அன்றைக்கே சோதித்து அனுப்பிவிடலாமே என்று மேலே இருந்து கேட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. இந்த விரிசல் வெல்டிங் ஆறியதும் வருவது கிடையாது. ராடின் பூச்சில் இருக்கும் ஈரம், தகட்டின் மேல் இருக்கும் ஈரம் எல்லாம் ஆர்க்கின் சூட்டில் உடைந்து ஹைட்ரஜன் அணுவாக உருகிய உலோகத்துக்குள் போய்விடும். இரும்புக்குள்ளேயே ஊர்ந்து போகும் அளவுக்கு அது சிறிய அணு. வெல்டிங்கை ஒட்டி வேகமாக ஆறிக் கடினமாகிப்போன இடத்தில், இழுப்பு அதிகமாக இருக்கும் மூலையில், மெதுவாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் கழித்தும் பிளக்கும், இரண்டு நாள் கழித்தும் பிளக்கும். ஆகவே 48 மணி நேரம் காத்திருந்தோம்.

மூன்றாம் நாள் மேற்பரப்பைப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. ஒலி அலையை உள்ளே அனுப்பிப் பார்க்கும் அல்ட்ராசோனிக்கில்தான் ரூட் பக்கம், அதாவது வெல்டிங்கின் அடியில், நான்கு இடங்களில் சிக்னல் வந்தது. எனக்கு ராடு மேல்தான் சந்தேகம். ஓவன் பதிவேட்டை இரண்டு தடவை புரட்டினேன், ஒரு தவறும் இல்லை. அப்புறம் அந்த நான்கு இடங்களையும் சாக்பீஸால் குறித்து டேப் வைத்து அளந்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஏறக்குறைய 300 மில்லிமீட்டர். தகடுகள் நகராமல் இருக்க முதலில் ஆங்காங்கே போடும் சின்ன வெல்டிங்தான் டேக். டேக் போடும் இடைவெளி அது!

தகடுகளைப் பொருத்தி டேக் போடும் ஃபிட்டர் அண்ணனைத் தேடிப் போனேன். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"அண்ணே, டேக் எப்ப போட்டீங்க?"

"காலையில ஆறு மணிக்கு சார். ஹீட்டிங் ஆளுங்க வர எட்டாகும்னு சொன்னாங்க. டேக்தானே, மேல வெல்டிங் ஓடுனா உருகிடும்ல?"

அவர் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. பிரீஹீட் வெல்டருக்கு என்று எழுதியிருந்தோமே தவிர, ஃபிட்டருக்கு என்று எங்கும் எழுதவில்லை. ராத்திரி மழையில் குளிர்ந்து ஈரம் கோத்திருந்த 50 மில்லிமீட்டர் தகட்டின் மேல் விரல் நீளம்கூட இல்லாத ஒரு டேக். அவ்வளவு பெரிய இரும்பு அந்தச் சின்னச் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடும். முழு வெல்டிங்கைவிட டேக்தான் வேகமாக ஆறும், அதிகமாகக் கடினமாகும். கனமான இரண்டு தகடுகளையும் அந்தத் துண்டுதான் இழுத்துப் பிடித்து நிற்கும். விரிசலுக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தன. மேலே ஓடிய பாஸ் டேக்கை முழுதாக உருக்கவில்லை. கிரைண்ட் செய்து உள்ளே போய்ச் சிவப்புச் சாயம் தடவிப் பார்த்தபோது, டேக்கின் ஓரத்திலிருந்து மயிரிழை போல ஒரு கோடு தகட்டுக்குள் இறங்கியிருந்தது.

மெல்போர்னின் கிங் ஸ்ட்ரீட் பாலத்தைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். 1961இல் திறந்த பாலம், 1962 ஜூலை 10 அன்று ஒரு குளிர்ந்த காலையில் 45 டன் வண்டி ஏறியபோது உடைந்தது. உத்திரத்தின் அடியில் வைத்த பட்டைத் தகடுகளின் முனையில் போட்ட சிறிய குறுக்கு வெல்டிங்குகளை ஒட்டித்தான் விரிசல் பிறந்திருந்தது. அங்கேயும் சின்ன வெல்டிங்தான் என்பது எனக்கு நெடுநாள் மனதில் நின்றது.

பழுதுபார்க்க நான்கு நாள் ஆனது. தகட்டைச் சூடாக்கிய பிறகே கவுஜிங் செய்து விரிசலைத் தோண்டி எடுத்தோம். வெல்டிங் முடிந்ததும் ஆறவிடாமல் 250 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் வெளியேற வழி விட்டோம். பிறகு போர்வை போர்த்தி மெதுவாக ஆறவிட்டு, மறுபடியும் 48 மணி நேரம்.

நடைமுறைத் தாளில் டேக்குக்குத் தனி வரி சேர்த்தேன். பிரீஹீட் 150 டிகிரி, நீளம் 75 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தூக்குவதற்காகத் தற்காலிகமாக ஒட்டும் கொக்கிகளுக்கும் அதே விதி. சூட்டைப் பர்னர் படும் முகத்தில் அளக்கக் கூடாது, மறுபக்கத்தில், ஜாயின்ட்டிலிருந்து 75 மில்லிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். மேற்தோல் மட்டும் சுட்டு உள்ளே பச்சையாக இருப்பது கனத் தகட்டில் சகஜம். ஹீட்டிங் ஆட்களின் ஷிஃப்ட்டை ஆறு மணிக்கு மாற்றச் சொன்னதற்குத்தான் பெரிய வாக்குவாதம். ஒரு வாரம் விடாமல் கேட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் விடியற்காலையிலேயே பட்டறைக்குப் போனேன். ஒரு நாள் நான் போய்ச் சேர்வதற்குள் ஃபிட்டர் அண்ணன் தகட்டுக்கு அடியில் குனிந்து, குறித்த சூடு வந்தால் உருகும் வெப்பச் சாக்பீஸால் மறுபக்கத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கோடு உருகவில்லை. "இன்னும் பத்து நிமிஷம் ஆகும் சார், டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.