சொந்த சர்வர்: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 2, 2025, திங்கள்

எங்கள் குழு வேலைகளைப் பதிவு செய்துவந்த சந்தாச் சேவையை மூடப்போகிறார்களாம். தரவைப் பதிவிறக்க ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறார்கள். அழுத்தினால் வெறும் அட்டவணையாக ஒரே ஒரு சி.எஸ்.வி. கோப்பு வருகிறது. தலைப்பு இருக்கிறது, தேதி இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் கீழே மாதக்கணக்கில் விவாதித்தது எதுவும் இல்லை. எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்பதெல்லாம் அங்கேதான் கிடந்தது.

பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது பலருக்கும் கோபம் வந்தது. ஆனாலும் சந்தாப் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்ற பொது வடிவக் கோப்பாக எடுத்து வேறு செயலியில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. கடையை மூடுவது அவரவர் விருப்பம். மற்றவர் எழுதியதை உள்ளே வைத்துப் பூட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

ஜூன் 4, புதன்

மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள் ஒன்றை எங்கள் சர்வரிலேயே நிறுவலாம் என்று பேச்சு. மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக இயக்கும் டாக்கர் இருக்கும்போது நிறுவுவது பெரிய வேலையில்லை. அதனால் மறுமுனையிலிருந்து தொடங்கினேன்: மாதிரித் தரவை ஏற்றி, பேக்கப் (காப்புப் பிரதி) எடுத்து, வேறொரு வெற்று சர்வரில் மீட்டுப் பார்த்தேன்.

எடுத்த எடுப்பிலேயே தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ், அப்படியொரு பயனர் இல்லை என்றது. அதன் பேக்கப் கருவியான பிஜி-டம்ப் ஒரு தரவுத்தளத்தை மட்டுமே எடுக்கும். பயனர்களும் கடவுச்சொற்களும் சர்வர் முழுமைக்கும் பொது என்பதால் அவற்றைத் தனியே எடுக்க வேண்டும். எடுத்துப் போட்டதும் அட்டவணைகள் எல்லாம் வந்தன, வரிசைகளின் எண்ணிக்கையும் பொருந்தியது. உலாவியில் திறந்தால் படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். தரவுத்தளத்தில் இருப்பது கோப்பின் பெயர் மட்டும். கோப்பு, டாக்கர் தனியே வைத்திருக்கும் சேமிப்பிடமான வால்யூமில் இருக்கிறது. அதையும் சேர்த்து எடுத்த பிறகே பக்கம் முழுமையாகத் திறந்தது.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிந்தது. பிஜி-டம்ப் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல், பேக்கப் அதுவரை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களோ நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஊழியர் ஒருவர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மைக்காக அவர்கள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஜூன் 5, வியாழன்

மின்னஞ்சலையும் நாமே நடத்தலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அனுப்புநர் உண்மையானவர்தான் என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். எல்லாம் சரியாக அமைத்தாலும் புதிய ஐ.பி. முகவரியை நம்புவதா என்பதைப் பெறுபவரின் சர்வர்தான் தீர்மானிக்கிறது. வாடிக்கையாளருக்குப் போகும் விலைப்பட்டியல் ஸ்பாமில் விழக்கூடாது.

ஜூன் 9, திங்கள்

திறமூல மென்பொருளின் உரிமம் நாளை மாறிவிட்டால் என்ன செய்வது என்று நீண்ட வாக்குவாதம். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள், தாராளமான திறமூல உரிமமான பி.எஸ்.டி.யைக் கைவிட்டபோது, சில நாட்களிலேயே அதன் பழைய மூலநிரலிலிருந்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் வால்கி என்ற மென்பொருள் பிரிந்து வந்தது. போன மாதம் ரெடிஸே ஏ.ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நிறுவனத்தின் மனம் நாளை மாறலாம். நேற்றுவரை வெளிவந்த மூலநிரலை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. எனக்கு அது போதும்.

ஜூன் 11, புதன்

“நாமே நடத்தினால் மாதம் எவ்வளவு மிச்சமாகும்?” என்று நிறுவனர் கேட்டார். அதிகமில்லை, என் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் மிச்சமே இல்லாமலும் போகலாம் என்றேன். “பிறகு எதற்கு?” என்றார். சி.எஸ்.வி. கோப்பைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நீங்கள் விடுப்பில் போனால் யார் பார்ப்பார்கள்?” என்றார். நியாயமான கேள்வி. சிறிய நிறுவனத்தில் சொந்த சர்வர் பாழாவது பெரும்பாலும் அங்கேதான்.

மாலையில் சக ஊழியர் ஒருவரிடம் என் குறிப்புகளை மட்டும் கொடுத்து, என்னிடம் எதுவும் கேட்காமல் மீட்டெடுக்கச் சொன்னேன். செய்துவிட்டார், படங்களுடன். பேக்கப்பைத் திறக்கும் சாவியைச் சர்வருக்கு வெளியே, எங்கள் இருவரிடமும் தனித்தனியாக வைத்திருக்கிறோம். சனிக்கிழமை இடமாற்றம். பழைய விவாதங்களை அந்த நாளுக்குள் கையால் நகலெடுக்கப் போகிறோம். முக்கியமான முடிவுகள் முதலில்.