மோர்கேஜைச் சம்பள நாளோடு கட்டினால் மூன்று வருடம் குறையும்

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று எந்தப் பக்கம் வீடு வாங்கினாலும் முதல் மாத மோர்கேஜ் (வீட்டுக் கடன்) ஸ்டேட்மென்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். 6 இலட்சம் டொலர் கடன், 4.5% நிலையான வட்டி, 25 வருடம் என்று வையுங்கள். மாதம் 3,321 டொலர் போகும். முதல் மாதத்தில் அதில் 2,229 வட்டி. முதலில், அதாவது வாங்கிய கடன் தொகையில், கழிவது 1,092தான். வட்டி இதே அளவில் நின்றால் 25 வருடத்தில் வட்டியாக மட்டும் 3,96,000 டொலருக்கு மேல் கட்டி முடித்திருப்பீர்கள்.

வீடு வாங்கும்போது கையிலிருந்து போடும் கட்டுக்காசு 20 சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 6,50,000 டொலர் வீட்டுக்கு 10% போட்டால், மீதி 5,85,000 டொலரில் 3.1% மோர்கேஜ் காப்புறுதிக் கட்டணம், அதாவது 18,135 டொலர், கடனோடு சேர்ந்துவிடும். அதற்கும் 25 வருட வட்டி. ஒன்ராறியோவில் அந்தக் கட்டணத்தின் மீதான 8% விற்பனை வரியைக் கடனில் சேர்க்க விடமாட்டார்கள். வீடு கைமாறும் அன்று கைக்காசாகக் கொடுக்க வேண்டும்.

இனி, அதிகமாகக் கட்டுவது எப்படி? முதல் வேலை மேலதிகக் காசு தேடுவது அல்ல, தவணையை மாற்றுவது. இங்கே பெரும்பாலான வேலைகளில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் வருகிறது. மோர்கேஜையும் அதே நாளில் வெட்டச் சொல்லலாம். ஆனால் வங்கியில் இரண்டு வகைப் பைவீக்லி (இரண்டு கிழமைத் தவணை) இருக்கின்றன. சாதாரண பைவீக்லியில் வருடத் தொகையை 26ஆகப் பிரிப்பார்கள். 1,533 டொலர் போகும். அதனால் 25 வருடத்தில் மிச்சம் 2,000 டொலர் அளவுதான். அக்ஸலரேட்டட் பைவீக்லியில் மாதத் தவணையின் சரிபாதி, 1,660 டொலர், இரண்டு கிழமைக்கு ஒருமுறை போகும். வருடத்தில் 26 தடவை என்பதால் 13 மாதத் தவணை கட்டியதாகிறது. கடன் 21 வருடம் 8 மாதத்தில் முடியும். வட்டியில் சுமார் 60,000 டொலர் மிச்சம். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். 'பைவீக்லிதானே கட்டுகிறோம்' என்று திருப்தியோடு இருப்பவர்களில் எத்தனை பேர் சாதாரண பைவீக்லியில் இருக்கிறார்களோ! ஸ்டேட்மென்டில் வெட்டும் தொகையை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். பழைய மாதத் தவணை வந்தால் சரி. அதைவிடக் குறைவாக வந்தால் வங்கிக்குப் போன் எடுத்து மாற்றுங்கள். மாற்றும்போது இடைப்பட்ட சில நாட்களுக்கான வட்டியைத் தனியாக ஒருமுறை வெட்டுவார்கள், பயப்பட வேண்டாம்.

அதன்மேல் ஒவ்வொரு தடவையும் 100 டொலர் கூட்டினால், 1,760 ஆக, கடன் 19 வருடம் 8 மாதத்தில் முடியும். மொத்த மிச்சம் 94,000 டொலர் அளவு வரும். ஆரம்பத்தில் கட்டும் காசுக்குத்தான் பலம் அதிகம். முதல் மாதம் மேலதிகமாகக் கட்டும் 1,000 டொலர் 25ஆம் வருடத்தின் கடைசியில் கிட்டத்தட்ட 3,000 டொலரைக் கழித்துவிடும். அதே 1,000 டொலரை 20ஆம் வருடம் கட்டினால் மிச்சம் சில நூறு டொலர்தான். அதனால் 'பிள்ளைகள் வளர்ந்த பிறகு பெரிதாகக் கட்டுவோம்' என்ற திட்டத்தை விட, இன்றைக்கு 50 டொலர் மேல்.

எவ்வளவு கட்டலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஓர் உரிமை எழுதியிருக்கும். ப்ரீபேமென்ட் பிரிவிலஜ் என்பார்கள். வருடத்துக்கு ஆரம்பக் கடனின் 10%, 15% அல்லது 20% வரை மொத்தமாகக் கட்டலாம். அதோடு தவணையையும் ஒரு வீதம் உயர்த்தலாம். சில இடங்களில் இரட்டிப்பாகவும் கட்டலாம். 15% என்றால் 6 இலட்சத்துக்கு 90,000 டொலர். 50, 100 கூட்டுகிறவருக்கு அந்த எல்லை கனவிலும் வராது. அவர் பார்க்க வேண்டியவை வேறு. வருடம் என்பது ஜனவரியில் தொடங்குகிறதா, மோர்கேஜ் தொடங்கிய திகதியிலா? தவணையை வருடத்துக்கு எத்தனை தடவை உயர்த்தலாம்? மொத்தமாகக் கட்ட ஆகக் குறைந்த தொகை எவ்வளவு? தவணை நாளில் மட்டும்தான் ஏற்பார்களா? ஒரு வருடம் பாவிக்காத உரிமையை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. வட்டி 0.1% குறைவு என்று விற்கப்படும் சில மோர்கேஜ்களில் இந்த உரிமைகளை வெட்டிவிட்டிருப்பார்கள், வீட்டை விற்றாலொழிய வெளியேறவும் முடியாது. புரோக்கர் வட்டி வீதத்தை மட்டும் சொன்னால் இதைக் கேளுங்கள்.

எல்லையைத் தாண்டினால் அபராதம் உண்டு. மாறும் வட்டிக்கு வழமையாக மூன்று மாத வட்டி. நிலையான வட்டிக்கு மூன்று மாத வட்டியா, வட்டி வித்தியாசக் கணக்கா (உங்கள் வட்டிக்கும் வங்கியின் இன்றைய வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள காலத்துக்குக் கணக்கிடுவது), எது கூடவோ அது. மூன்று மாத வட்டி 5,50,000 டொலர் பாக்கிக்கு 6,000 டொலரைத் தாண்டும். வித்தியாசக் கணக்கு இதைப் பல மடங்காக்கவும் கூடும். கையில் பெரிய தொகை இருந்தால் தவணைக்காலம் (25 வருடத்துக்குள் வங்கியோடு ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம் செய்யும் காலம்) முடிந்து புதுப்பிக்கும் நாளில் கட்டுங்கள். அன்றைக்கு எல்லையும் இல்லை, அபராதமும் இல்லை.

கட்டிய காசு எங்கே போகிறது என்பதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. இணையத்தில் காசு அனுப்பும்போது 'முதலுக்கு மட்டும்' என்ற தெரிவு இருக்கிறதா பாருங்கள். சில இடங்களில் மேலதிகத் தொகை அடுத்த தவணைக்கு முற்பணமாக விழும். வீட்டு வரியையும் வங்கியே வசூலிக்கிறது என்றால் அந்தக் கணக்கிலும் போய் விழலாம். அனுப்பி இரண்டு மூன்று நாளில் கணக்கைத் திறங்கள். 500 அனுப்பியிருந்தால் பாக்கி முழு 500 குறைந்திருக்க வேண்டும். 473 குறைந்திருந்தால் ஏதோ வட்டியோ கட்டணமோ எடுத்திருக்கிறார்கள்; உடனே கேளுங்கள். தவணையைத் தவறவிடும் வசதியும் சில மோர்கேஜில் உண்டு. மேலதிகமாகக் கட்டியிருந்தால் ஒரு தவணையைத் தாண்டலாம் என்பார்கள். தாண்டினால் மேலதிகமாகக் கட்டியதில் அந்த அளவு வீண்.

புதுப்பிக்கும் கடிதத்தில் ஒரு பொறி. ஐந்து வருடத்தில் சேர்த்துக் கட்டி மூன்று வருடத்தைக் குறைத்திருப்பீர்கள். சில இடங்களில் மீதிக் காலத்தை முதலில் எழுதிய அட்டவணைப்படி 20 வருடமாகவே போட்டு, தவணையைக் குறைத்து அனுப்புவார்கள். பார்க்க நல்லதாக இருக்கும். கையெழுத்திட்டால் அந்த மூன்று வருடமும் போச்சு. குறைந்த காலத்தை எழுதச் சொல்லுங்கள், அல்லது பழைய தவணையை அப்படியே வையுங்கள். அக்ஸலரேட்டட் பைவீக்லியும் புதுப்பிக்கும்போது மாதத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாறும் வட்டியில் தவணை மாறாமல் இருப்பவர்களுக்கு 2022, 2023 நல்ல பாடம். கனடா மத்திய வங்கியின் வீதம் 2022 தொடக்கத்தில் 0.25% ஆக இருந்தது. 2023 ஜூலையில் 5% ஆனது. பலருக்குத் தவணை முழுவதும் வட்டிக்கே போதாமல், பாக்கி கூடத் தொடங்கியது. அப்படி இருப்பவருக்கு முதல் கடமை தவணையைக் கூட்டுவதுதான்.

மேலதிகக் காசு எங்கிருந்து வரும்? பைவீக்லி சம்பளக்காரருக்கு வருடத்தில் இரண்டு மாதத்தில் மூன்று சம்பளம் விழும். கூடிய சம்பளம் எடுப்பவர்களுக்கு வருடக் கடைசியில் ஓய்வூதிய, வேலையிழப்புக் காப்புறுதிக் கழிவுகள் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். கைக்கு வரும் தொகை கூடும்போது அதைத் திருப்பலாம். வரித் திருப்பிக் கொடுப்பனவும் உண்டு. பேஸ்மென்ட் வாடகையை நேரே மோர்கேஜில் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த வாடகைக்கு வரி கட்ட வேண்டும். வரிக்கு ஒதுக்கிவிட்டு மீதியைப் போடுங்கள். வாடகைக்கு விட்ட பகுதிக்கான வட்டியைச் செலவாகக் காட்டலாம், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குக் காட்ட முடியாது.

சீட்டு எடுத்து மோர்கேஜில் போடுவதும் நம்மவர் வழக்கம். கழிவில்லாமல் முறை வரும்போது எடுத்தால் சரி. ஏலத்தில் பெரிய கழிவு கொடுத்து முன்கூட்டி எடுத்து 4.5% கடனைக் கட்டுவது நட்டம்.

எல்லோரும் இதை முதலில் செய்ய வேண்டும் என்றில்லை. கிரெடிட் கார்டுக் கடன் 19.99% போகும்போது மோர்கேஜில் 100 டொலர் கூட்டுவதில் பொருளில்லை. வேலையிடம் ஓய்வூதியச் சேமிப்புக்குச் சமமாகப் போடும் காசை விடக் கூடாது. மூன்று மாதச் செலவாவது கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் மோர்கேஜில் போட்ட காசை வேலை போனாலும் திருப்பித் தரமாட்டார்கள். லைன் ஒஃப் கிரெடிட் (தேவைப்படும்போது எடுக்கும் கடன் வசதி) சேர்ந்த மோர்கேஜ் என்றால் முதல் குறையக் குறைய அதன் எல்லை கூடும். திருப்பி எடுக்க வசதி. ஆனால் அதில் இருந்து சாமத்தியச் சடங்கு மண்டபத்துக்கு எடுத்தால், ஆறு வருடம் 100, 100 ஆகக் கட்டியது ஒரு சனிக்கிழமையில் போய்விடும்.

கடைசித் தவணை போனதும் வேலை முடிவதில்லை. வங்கியிடம் டிஸ்சார்ஜ் (வீட்டின் மீதான கடன் பதிவை நீக்கும் பத்திரம்) கேட்டு, அது காணிப் பதிவேட்டில் பதியப்பட்டதா என்று உறுதிப்படுத்துங்கள். வீட்டுக் காப்புறுதியில் இருந்து வங்கியின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். இதுவரை வங்கி மூலம் வீட்டு வரி கட்டியவர்கள் நகரசபைக்கு நேரே கட்டப் பதிய வேண்டும். ரொறன்ரோவில் கெடு தவறிய முதல் நாளே 1.25% தண்டம் போட்டு, பிறகு மாதா மாதம் அதே அளவு கூட்டுவார்கள்.