முதலில் விசா, அப்புறம்தான் கடல்

மாலத்தீவில் ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்தும் டைவிங்) இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறேன் என்று தெரிந்ததும் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எந்த நாட்டுக்குப் போகலாம்?" கேட்கும்போதே அவர்கள் மனதில் நீலத் தண்ணீரும் சுறாவும் ஓடிக்கொண்டிருக்கும். நான் கேட்பது வேறு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே வேலை அனுமதி கிடைக்குமா? ஆங்கிலம் தவிர உனக்கு என்ன பாஷை வரும்? நம் ஊரில் வாடை அடிக்கிற மாதங்களில் அந்த ஊர்க் கடல் எப்படி இருக்கும்? இதற்கெல்லாம் பதில் எழுதிப் பார்த்தால் உலக வரைபடத்தில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். மீன் எங்கேயும் இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் கவலைப்படலாம்.

எனக்கு ஊர் கடலூர் முதுநகர். துறைமுகத்தில் அப்பாவுக்கு ஐஸ் வியாபாரம். டைவிங் கற்றுக்கொண்டதும், முதன்முதலில் சொல்லிக்கொடுத்ததும் புதுச்சேரியில். வங்காள விரிகுடாவில் டைவிங்கா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை, தண்ணீர் தெளிந்த நாளாகப் பார்த்து வந்தால் சிரிக்க மாட்டார்கள். அக்டோபர் பிறந்தால் கதை முடிந்தது. பெண்ணையாறும் கெடிலமும் கொண்டுவந்து கொட்டும் கலங்கல், அதன் மேல் வாடைக்காற்று, அதற்கும் மேல் துறைமுகத்தில் புயல் கூண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல், இரண்டும் எங்கள் கரையில்தான் ஏறின.

படகு போகவில்லை என்றால் மாணவர் இல்லை. மாணவர் இல்லையென்றால் காசு இல்லை, ஏனென்றால் இந்தத் தொழிலில் பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 61 நாள் அப்பாவுக்கு ஐஸ் ஓடாது. அப்போது எனக்கு நல்ல வருமானம் இருக்கும், வீடு சமாளித்துவிடும். மழைக்காலத்தில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். வெளியே போகலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் அப்படி ஒரு மழை மாதத்தில்தான் வந்தது.

இன்ஸ்ட்ரக்டர் ஆக வேண்டும் என்றால் பாடி (PADI) என்ற உலக டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி பயிற்சியில் சேர 60 டைவ், தேர்வு எழுத 100 டைவ் கணக்கில் இருக்க வேண்டும். 100 டைவ் முடித்தவர் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதனால் புதிதாகத் தேர்வு எழுதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தமான். ஹேவ்லாக் தீவுக்கு 2018-ல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். டைவ் சென்டர்களில் இன்னும் ஹேவ்லாக் என்றால்தான் புரியும். விசா வேண்டாம், போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) இறங்கினால் தமிழ் கேட்கும், அக்டோபரிலிருந்து மே வரை அங்கே சீசன். நம் கடல் மூடும்போது அது திறக்கிறது. இரண்டு சீசன் அங்கே தேய்ந்துவிட்டு வந்தால் வெளிநாட்டுக்காரன் உங்கள் விண்ணப்பத்தைத் திறந்தாவது பார்ப்பான்.

அடுத்து எல்லார் வாயிலும் வரும் பெயர் தாய்லாந்தின் கோ தாவ். சுமார் 21 சதுர கிலோமீட்டர் தீவு, தடுக்கி விழுந்தால் ஒரு டைவ் சென்டர். மலிவாகக் கற்க உலகத்திலேயே பேர்போன இடம். வேலை பார்க்க? அங்கேயே இன்ஸ்ட்ரக்டர் ஆகி அங்கேயே தங்கிவிட்ட ஐரோப்பியப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். கமிஷன் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு வெளிநாட்டவருக்கு ஒர்க் பர்மிட் எடுக்க நிறுவனத்தில் பொதுவாக நான்கு தாய்லாந்துக்காரர்கள் வேலையில் இருக்க வேண்டும். சிறிய கடைக்காரர் அந்த இடத்தை ஜெர்மனோ சீனமோ பேசுகிறவருக்குத்தான் கொடுப்பார். ஆங்கிலமும் ஹிந்தியும் தமிழும் பேசுகிற எனக்கு எதற்குக் கொடுக்கிறார்?

அதோடு பலர் யோசிக்காத ஒன்று: நம்மை அடிக்கிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் தாய்லாந்து வளைகுடாவையும் அடிக்கிறது. நவம்பரில் கோ தாவ் கலங்கிக் கிடக்கும். மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகள் அந்த மாதங்களில் கிட்டத்தட்ட மூடியே கிடக்கும். தாய்லாந்துதான் வேண்டும் என்றால் மேற்குக் கரையைப் பாருங்கள். சிமிலன் தீவுகள் அக்டோபர் 15 முதல் மே 15 வரை திறந்திருக்கும்.

புதுச்சேரியில் பெரியம்மா வீடு. அவர்கள் சொந்தத்தில் பிரெஞ்சு குடியுரிமைக்காரர்கள் உண்டு. பெரியப்பா ஒரே பிடியாக நின்றார்: "ரீயூனியனுக்குப் போயேன்மா. பிரெஞ்சு தெரியும், நம்ம ஆளுங்களும் இருக்காங்க." அவர் சொன்னதில் தப்பில்லை. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் தீமிதி நடத்துகிறார்கள். ஆனால் இந்தியப் பெருங்கடலில் இருந்தாலும் ரீயூனியன் தீவு பிரான்ஸின் ஒரு பகுதி, சட்டமும் பிரெஞ்சுச் சட்டம். சம்பளம் வாங்கிக்கொண்டு டைவிங் சொல்லிக்கொடுக்க அந்த அரசின் பட்டயம் வேண்டும். பாடி சான்றிதழ் மட்டும் இருந்தால் ஆகாது. அந்தப் பட்டயத்துக்கான படிப்பு பிரெஞ்சில். அலியான்ஸ் பிரான்சேஸில் நான் படித்த பிரெஞ்சு காபி வாங்கப் போதும், நுரையீரல் காயத்துக்கு முதலுதவி பற்றி வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லப் போதாது. மொரிஷியஸ் தனி நாடு, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தே இருக்கும். அங்கேயும் எனக்குப் பதில் போட்டவர்கள் சரளமான பிரெஞ்சு கேட்டார்கள். பெரியப்பாவுக்கு இன்றுவரை மனத்தாங்கல்தான்.

எகிப்தின் செங்கடல் அழகு. ரஷ்யன், ஜெர்மன், இத்தாலியன் இதில் ஒன்றாவது தெரியாமல் அங்கே போவது வீண். ஆஸ்திரேலியாவில் 2024-லிருந்து இந்தியர்களுக்கும் வேலை செய்துகொண்டே ஊர் சுற்றும் 462 விசா உண்டு. வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறை, வயது 18 முதல் 30 வரை. அது திறந்தபோது எனக்கு வயது தாண்டிவிட்டது. உங்களுக்குத் தாண்டவில்லை என்றால், கையில் பட்டப்படிப்பும் இருந்தால், பெயரைப் போட்டு வையுங்கள்.

மாலத்தீவு எனக்கு அமைந்ததற்குக் காரணம், நான் சாதாரணமாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு திறமை. புதுச்சேரியில் வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. அலையில் ஆடுகிற படகில் வாந்தி எடுத்து முடித்தவரை, ஐந்து மீட்டர் கூடக் கண் தெரியாத தண்ணீரில் இறக்கி, காது அடைப்பை எடுக்க வைத்து, மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தாலும் பயப்படாமல் மூக்கால் ஊதித் தள்ள வைத்து, சிரித்துக்கொண்டே மேலே கொண்டுவர வேண்டும். கை என் பிடியை விட்டால் ஆள் கண்ணில் படமாட்டார். மாலத்தீவு ரிசார்ட்டுகளில் இந்தியாவிலிருந்து வரும் தேனிலவு ஜோடிகள் அதிகம், அவர்களும் நீச்சல் தெரியாதவர்களே. ஹிந்தியிலும் தமிழிலும் பயத்தைப் போக்கத் தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. பெண் இன்ஸ்ட்ரக்டர்தான் வேண்டும் என்று கேட்கிற குடும்பங்களும் உண்டு. வீடியோ நேர்காணலில் என்னிடம் கடலைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. தண்ணீரில் இறங்கியதும் அழ ஆரம்பித்த ஒருவரை என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டார்கள்.

அம்மா சம்பளத்தைக் கேட்கவில்லை. "அங்க கோயில் இருக்கா?" என்றுதான் கேட்டாள். இல்லை. வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுபோகவும் தடை. பெட்டியில் வைத்திருந்த சின்ன முருகன் சிலையை வெளியே எடுத்தபோது அவள் முகம் போன போக்கு! போனில் பாடலீஸ்வரர் கோயில் படம் இருக்கிறது, அது போதும் என்று சமாதானம் சொன்னேன்.

ஒரு தீவு, ஒரு ரிசார்ட். சுற்றி நடக்கச் சில நிமிடம். விருந்தாளிகளின் பக்கம் ஒரு உலகம், வேலிக்கு இந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தத்தோடு எங்கள் குடியிருப்பு. மாலத்தீவு நேரம் இந்தியாவுக்கு அரை மணி பின்னால். ஆனால் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க எங்கள் ரிசார்ட் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறது, தலைநகர் மாலேக்குப் போன் போடும்போது கணக்குப் போட வேண்டும். தினமும் சூரை மீன். ஐஸ்கார வீட்டுப் பெண் மீனுக்குச் சலித்துக்கொள்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சமையல்கட்டில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். "பிள்ளை, சொதி கிடக்கு, விடட்டே?" என்று கேட்கும் நாளில் மட்டும் இரண்டு தட்டு சோறு போகும்.

கடல் வேறு பாடம் நடத்தியது. இங்கே முப்பது மீட்டருக்குக் கண் தெரியும், அதனால் எல்லாம் சுலபம் என்று தோன்றும். நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும்போது அந்தத் தெளிவால் பயனில்லை. பவளத் தீவு வளையங்களுக்கு நடுவே உள்ள வாய்க்கால்களில் தண்ணீர் உள்ளே பாயும் நேரம்தான் சுறா பார்க்க நல்லது. அதே தண்ணீர் வெளியே பாயும் நேரத்தில் இறங்கினால் மாணவரோடு சேர்ந்து ஆழ்கடலுக்குப் போக வேண்டியதுதான். முதல் மாதங்களில் நான் தனியாக யாரையும் கூட்டிப்போகவில்லை. தோணி ஓட்டும் மாலத்தீவுக்காரர் மேலிருந்து தண்ணீர் சுருளைப் பார்த்தே "இப்போது வேண்டாம்" என்பார். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்க ஓரத்தில் மாண்டா திருக்கை சேரும் என்பதையும் அவரிடம்தான் படித்தேன்; தென்மேற்குப் பருவத்தில் கிழக்கு ஓரம், வடகிழக்கில் மேற்கு ஓரம். ‘பா’ என்ற பவளத் தீவு வளையத்தின் ஹனிஃபாரு வளைகுடாவில் அவை கூட்டமாக வரும், ஆனால் அங்கே சிலிண்டரோடு இறங்கத் தடை, மேலே மிதந்துதான் பார்க்கலாம். சுற்றுலா டைவிங்குக்கு ஆழ வரம்பு 30 மீட்டர் என்பது இங்கே சட்டம். ஆழம் போய்ப் பெருமை பேச நினைப்பவர்களுக்கு இது ஊர் இல்லை.

ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடத் துடிக்காதீர்கள். விசா முதலாளி பெயரோடு கட்டப்பட்டது; வேலை போனால் தங்கும் உரிமையும் போகும். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், திரும்பும் டிக்கெட் யார் செலவு, டைவிங் விபத்துக் காப்பீடு உண்டா, சம்பளம் டாலரிலா, விருந்தாளிகளிடம் வாங்கும் 10% சேவைக் கட்டணத்தில் டைவ் சென்டர் ஆட்களுக்குப் பங்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பல ரிசார்ட்டுகளில் டைவ் சென்டரை வேறொரு நிறுவனம் நடத்தும், கடைசிக் கேள்வி அதனால்தான். டைவிங் விபத்தில் சிக்கியவருக்கான அழுத்தச் சிகிச்சை அறை எத்தனை தூரத்தில் என்றும் கேளுங்கள். பண்டோஸ் தீவில் ஒன்று இருக்கிறது, ஆனால் தெற்குக் கோடித் தீவிலிருந்து அது நெடுந்தூரம்.

லீவில் திருவனந்தபுரம் வரை விமானம், அங்கிருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸில் விழுப்புரம், அப்புறம் பஸ். கடல் தாண்டும் நேரத்தைவிட ரயில் நேரம் பல மடங்கு. கடைசியாகப் போனபோது வீராம்பட்டினத்துப் பெண் ஒருத்தி பார்க்க வந்தாள். இன்ஸ்ட்ரக்டருக்கு முந்தைய படியான டைவ் மாஸ்டர் முடித்திருக்கிறாள், சிலிண்டரில் காற்று அடைக்கும் கம்ப்ரசரைக் கழற்றி மாட்டத் தெரிகிறது. அது தெரிந்தவர்களை எந்தத் தீவிலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பாஷை என்ன தெரியும் என்றேன். நாடகம் பார்த்துப் பார்த்துக் கொரியன் பேசுகிறாளாம், அப்புறம் புத்தகம் வாங்கி எழுதவும் கற்றுக்கொண்டாளாம். பிலிப்பைன்ஸின் செபுவில் கொரியர்களே நடத்தும் டைவ் சென்டர்கள் நிறைய உண்டு. மாலத்தீவை விட்டுவிட்டு முதலில் அங்கே விண்ணப்பம் போடு என்று சொல்லி அனுப்பினேன்.