ஃப்ரீபிஎஸ்டியில் எம்பஃப் தட்டுப்பாடு: வரம்பை ஏற்றும் முன்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பிங் கொடுத்தால் "நோ பஃபர் ஸ்பேஸ் அவைலபிள்" என்று பிழை வருகிறது. உடனே கெர்ன்.ஐபிசி.என்எம்பிகிளஸ்டர்ஸ் அளவை (நெட்வொர்க் தரவுக்கான "கிளஸ்டர்" எனும் நினைவகத் துண்டுகளின் உச்சவரம்பு) கூட்டிவிடாதீர்கள். இந்தப் பிழை (எண் 55) நெட்வொர்க் கார்டின் அனுப்பு வரிசை நிரம்பினாலும் வரும். முதலில் நெட்ஸ்டாட் -எம் கட்டளையை ஓட்டுங்கள். அதில் "டினைட்" (மறுக்கப்பட்டவை) வரியின் எண்கள் எல்லாம் 0 என்றால் எம்பஃப் (நெட்வொர்க் தரவை கெர்னல் வைக்கும் நினைவகத் துண்டு) தட்டுப்பாடு இல்லை. லிங்க், டிரைவர் பக்கம் தேடுங்கள். அந்த எண்கள் பூட் ஆனதிலிருந்து சேர்ந்தவை. அதனால் சில நிமிட இடைவெளியில் இருமுறை ஓட்டி, ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஏறுகிறது, டிமெசேஜிலும் (கெர்னலின் செய்திப் பதிவு) "லிமிட் ரீச்ட்" இருக்கிறது என்றால் கணக்குப் போடலாம். கார்டின் ஒவ்வொரு ஆர்எக்ஸ் (பாக்கெட் பெறும்) வரிசையும் தன் டிஸ்கிரிப்டர் (வரும் பாக்கெட்டை வைக்கும் இடத்தைக் குறிக்கும் பதிவு) எண்ணிக்கைக்குச் சமமான கிளஸ்டர்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். 4 போர்ட், போர்ட்டுக்கு 8 வரிசை, வரிசைக்கு 1024 டிஸ்கிரிப்டர்: மொத்தம் 32,768. கிளஸ்டர் ஒன்று 2048 பைட், ஆக 64 எம்பி, ஒரு பாக்கெட்கூட வராமலே. வரம்பு இதையொட்டி இருந்தால் ஏற்றுவதுதான் சரி. கணினி ஓடும்போதே சிஸ்கண்ட்ரோல் கட்டளையில் ஏற்றலாம், இறக்க முடியாது. நிலைக்க, பூட் அமைப்புக் கோப்பான லோடர்.கான்ஃபில் எழுதுங்கள்.

கிளஸ்டர் பயன்பாடு இந்தக் கணக்குக்கு மிஞ்சிப் போனால், யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. நெட்ஸ்டாட் -ஏஎன் தரும் ரிசீவ்-கியூ பத்தியில் பெரிய எண் நின்றுகொண்டே இருந்தால், அந்த சாக்கெட்டை எந்த புரோகிராமோ படிக்காமல் விட்டிருக்கிறது. சாக்ஸ்டாட் அதன் பெயரைக் காட்டிவிடும். வரம்பை ஏற்றினால் இந்தக் கோளாறு தள்ளிப்போகும், அவ்வளவுதான். சாக்கெட் வரிசைகள் காலி, டிராஃபிக்கும் நின்றுவிட்டது, ஆனாலும் நெட்ஸ்டாட் -எம் காட்டும் "கரண்ட்" எண் மேலே போட்ட ஆர்எக்ஸ் வரிசைக் கணக்குக்குத் திரும்பவில்லை என்றால் கெர்னல் கசிவைச் (பிடித்த நினைவகத்தை விடுவிக்காமல் விடுவது) சந்தேகிக்கலாம். "கேஷ்" எண் பெரிதாக இருப்பது கசிவு அல்ல, அது மறுபயன்பாட்டுக்கு வைத்திருப்பது.

ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) வைத்திருந்தால் விஎம்ஸ்டாட் -இசட் கொடுத்து, எம்பஃப்_ஜம்போ_9கே வரியின் "ஃபெயில்" பத்தியையும் பாருங்கள். 9கே கிளஸ்டருக்கு நினைவகத்தில் தொடர்ச்சியான பக்கங்கள் வேண்டும். நீண்டநாள் ஓடிய கணினியில் நினைவகம் துண்டுதுண்டாகிப் போவதால், ரேம் மீதியிருந்தும் கிடைக்காது. இங்கே வரம்பை ஏற்றிப் பயனில்லை. 4கே கிளஸ்டரே போதுமாகும்படி எம்டியுவை (பாக்கெட்டின் உச்ச அளவு) குறையுங்கள்.