மாடி இல்லாத மாடித்தோட்டம்

“மாடித்தோட்டம்னு சொல்றீங்க தம்பி. மாடி எங்க இருக்கு?”

முகாமுக்குள் நான் வாங்கிய முதல் கேள்வி அது. ஆம்னி வேனிலிருந்து நாற்பது வீட்டுக்கான சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தேன். செடி வளர்க்கும் பைகள், தேங்காய் நார்த்தூள் கட்டிகள், விதைப் பொட்டலங்கள், அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரம், வேப்பெண்ணெய். கேட்ட பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசை வீடுகளின் கூரையைக் காட்டினார். அத்தனையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பூனை நடந்தாலே கீழே சோற்றில் தூசி விழும் கூரை. திட்ட அறிக்கையை நான் எழுதியது சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஆபீசில், மின்விசிறிக்குக் கீழே. மாடி என்று எழுதும்போது என் மனசில் இருந்தது ஃபேர்லேண்ட்ஸ் வீட்டு மாடி.

சேலம் மாவட்டத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று அது. எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருப்பவர்களைப் பற்றிய பதிவேடுகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. 2021இல் அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரை மாற்றியது. பஸ் கண்டக்டருக்கு அது இன்னும் ‘கேம்ப் ஸ்டாப்’தான். சுற்று வட்டாரத்தில் ‘சிலோன்காரங்க’ என்பார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள், 1990இல் வந்தவர்கள், 2006க்குப் பிறகு வந்தவர்கள் என்று எல்லாரும் உண்டு. என் அறிக்கையின் முதல் வரி, ‘புதிய ஊரில் குடியேறும் குடும்பங்களுக்கு நகர்ப்புற விவசாயம் மூலம் உதவுதல்.’ பத்து வயதில் படகில் வந்த பெண்ணுக்கு அப்போது பேரன் பிறந்திருந்தான். இன்னும் புதிய ஊர்!

சரி, மாடி இல்லை. சந்தில் வைக்கலாம் என்றார்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே நாலடிச் சந்து. அதில் சாக்கடை போக, மிதிவண்டி போக மிச்சமிருந்த இடத்தில் சுவரை ஒட்டிப் பைகளை வைத்தோம்.

முதல் பயிரை நானே கொன்றேன். ஐந்து கிலோ நார்த்தூள் கட்டியை ஊறவைத்தால் உதிர்ந்து எழுபது லிட்டர் அளவுக்குப் பொங்கும். குழந்தைகளுக்கு அது நல்ல வேடிக்கை. அந்தக் கூட்டத்தின் உற்சாகத்தில், ஊறியதை அப்படியே செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து நிரப்பச் சொல்லிவிட்டேன். பத்து நாளில் தக்காளி நாற்றின் இலை ஓரமெல்லாம் கருகியது. நார்த்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசிப் பிழிந்த பிறகுதான் செடிக்கு ஆகும். போதாததற்கு அங்கத்திய போர் தண்ணீர், வாளியில் காய்ந்தால் வெள்ளையாகப் படிகிற தண்ணீர்.

மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருவர் செத்த நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். “தும்புத்தூளைக் கழுவாமப் போட்டா இப்பிடித்தான்.”

“முன்னாடியே தெரியுமாக்கா?”

“ஓம், தெரியும். நீங்க படிச்ச ஆக்கள், இது ஏதோ புது முறையாக்கும் எண்டு இருந்திட்டம்.”

அந்தப் பதிலை ரொம்ப நாள் சுமந்துகொண்டிருந்தேன். அவர்கள் பேசாமல் இருந்தது தெரியாததால் அல்ல. இலவசமாக வந்து இறங்கும் பொருளில் குறை சொன்னால் அடுத்த தடவை வண்டி வராது என்று பல வருஷம் பழகிய வாய்கள் அவை. அதற்கப்புறம் பயிற்சிக் கூட்டம் என்று நான் ஒன்றும் நடத்தவில்லை. மாத அறிக்கையில் மட்டும் ‘பயிற்சி’ என்ற கட்டத்தில் எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

திட்டத்தைக் காப்பாற்றியது பெயின்ட் வாளி. முகாம் ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் பெயின்டிங் வேலை. சேலத்தில் எந்தக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு மாறி எமல்ஷன் அடித்தாலும் சாரத்தில் ஒரு கேம்ப் ஆள் நிற்பார். அவர்கள் இருபது லிட்டர் காலி வாளிகளைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் கொடுத்த பைகள் இரண்டாம் கோடையில் தையல் விட்டுப் போயின. வாளிகள் அப்படியே இருந்தன. ஓட்டை போடுவதிலும் ஒரு சூட்சுமம். நான் அடியில் போடச் சொன்னேன். ஒரு பெயின்டர் தம்பி பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் ஒரே ஒன்று சின்னதாகப் போட்டார். மற்றதைப் பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே. கீழே தேங்கும் கொஞ்சம் தண்ணீர் சித்திரை வெயிலில் செடிக்கு ஒரு நாள் தாங்கும் என்றார். தாங்கியது. மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் குடங்கள்தான் வரிசையில் நிற்கும், செடிக்குக் கிடைப்பது அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் அலசிய தண்ணீரும்தான்.

மாடி என்ற சொல் போனது போலவே தோட்டம் என்ற சொல்லும் எனக்குக் கை கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் தோட்டம் என்றால் கிணறு இருக்கும் நிலம். மானாவாரி என்றால் காடு. மன்னார் அக்காவுக்குத் தோட்டம் என்பது மிளகாயும் வெங்காயமும் ‘செய்வது’. முதல் நாள் மாடியைக் கேட்ட பெரியவருக்கோ தோட்டம் என்றால் தேயிலை எஸ்டேட். “தோட்டத்துல பொறந்து, தோட்டத்துல வளர்ந்து, மறுபடியும் தோட்டமா?” என்று சிரித்தார்.

அவர் தாத்தா ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நம்ம சேலம் ஜில்லா ஆத்தூர். கூலிக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவர். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அந்தக் குடும்பத்தை எந்த நாட்டுக்கும் இல்லாதவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டபோது இவர் பையன். 1977 கலவரத்தில் மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடி, காடு வெட்டி இரண்டு ஏக்கர் திருத்தினார். 1990இல் அதையும் விட்டுவிட்டுப் படகு. மண்டபம் முகாமில் பெயர் பதிந்தபோது, அந்தக் காலத்தில் சிலோனுக்குப் போன கூலி ஆட்களை நோய் பார்த்து அனுப்பியதும் இதே முகாம்தான் என்று யாரோ சொன்னார்களாம். “தாத்தா போன வாசல்லயே திரும்பி வந்தேன், பாத்துக்கங்க.”

சந்து முனையில் நின்றால் சேர்வராயன் மலை நீலமாகத் தெரியும். ஏற்காட்டுக் காப்பி பற்றிச் சொன்னேன். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களிலேயே அங்கே காப்பி வைத்த கதையை. அவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இங்கனயே வேலை இருந்திருக்கு.” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காய்களைவிடக் கீரைதான் ஊருக்குள் போனது. எங்கள் விதைப் பொட்டலத்தில் இல்லாத வல்லாரையையும், கறிக்கு மணம் சேர்க்கும் ரம்பை இலையையும் அவர்களே எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வல்லாரையைப் பச்சையாக நறுக்கி, தேங்காய்ப் பூவும் எலுமிச்சையும் சேர்த்துச் சம்பல். அந்தப் பக்கமெல்லாம் குச்சிக்கிழங்குக் காடுகள். பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். அவர்கள் அதை மரவள்ளி என்பார்கள், அவித்து மிளகாய்ச் சம்பலோடு தருவார்கள். ஒருநாள் அதைச் சாப்பிட்ட கையோடு இஞ்சி டீ கேட்டேன். வீடே பதறியது. மரவள்ளி தின்ற வயிற்றில் இஞ்சி விஷமாம். காரணம் என்னவோ, அன்றைக்கு எனக்கு டீயே கிடைக்கவில்லை.

பக்கத்து ஊர்ப் பெண்கள் முதலில் வல்லாரைக்கு வந்தார்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக. அப்புறம் கட்டுக் கட்டாகத் தண்டங்கீரை, சிறுகீரை. ‘கேம்ப் கீரை’ என்று பெயரே வந்துவிட்டது. ‘கேம்ப்’ என்ற சொல் பள்ளிக்கூடத்தில் தன் முதுகுக்குப் பின்னால் எப்படி வரும் என்பதை மன்னார் அக்காவின் மகள் சொல்லியிருக்கிறாள். கீரையோடு வரும்போது மட்டும் அதில் முள் இல்லை என்றாள். ஓர் அம்மா கீரைக்குக் காசோடு தட்டைப்பயறு விதையும் ஒரு முடிச்சு கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அதைப் பயிற்றங்காய் என்று சொல்லி விதைத்தார்.

அந்த உற்சாகத்தில் இன்னொரு தவறும் செய்தேன். உழவர் சந்தையில் ஒரு கடை கேட்போம் என்று கிளப்பிவிட்டேன். அங்கே விற்க அடையாள அட்டை வேண்டும், அட்டைக்கு நிலத்தின் ஆவணம் வேண்டும். நாற்பது வீட்டில் ஒருவர் பெயரிலும் ஒரு சென்ட் கிடையாது. விதியில் தவறில்லை, வியாபாரிகள் புகாமல் இருக்கப் போட்ட விதி. ஆனால் இரண்டு ஏக்கர் திருத்திய மனிதரிடம் ‘நீங்கள் விவசாயி இல்லை’ என்று போய்ச் சொல்ல வேண்டியவன் நானாக இருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வாளியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

நிதி கொடுத்தவர்களுக்குக் கிலோ கணக்கு வேண்டும். எத்தனை கிலோ கத்தரி, எவ்வளவு மிச்சம். எழுதி அனுப்பினேன். ஒரு வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் கீரை, இரண்டு நாள் ஏதாவது காய். அவ்வளவுதான் விளைந்தது. இதை வைத்து யாரும் கரையேற முடியாது.

ஒன்றை மட்டும் எந்தக் கட்டத்திலும் எழுத முடியவில்லை. யாரும் மரம் வைக்கவில்லை. வாழைகூடக் கிடையாது. முருங்கைப் போத்து கொண்டுபோய்க் கொடுத்தேன், சந்து முனையில் தரையில் நடக் குழியும் காட்டினேன். பெரியவர் வாங்கி வாளியில் நட்டார். “முருங்கை வாளியில வருமாங்கய்யா?” என்றேன். “வர்ற வரைக்கும் வரட்டும். தூக்கிட்டுப் போக வசதி.”

2021 அறிவிப்பில் மாநிலம் முழுக்க முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னார்கள். இங்கேயும் கட்டினார்கள். கான்கிரீட் கூரை, கடைசியில் மாடி வந்தது. அதற்குள் எங்கள் திட்டம் முடிந்து, நான் வேறு வேலைக்குப் போயிருந்தேன். போன தை மாதம் சும்மா பார்க்கப் போனேன். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாளிகள் எல்லாம் கீழேயே, புது வாசலை ஒட்டி வரிசையாக.

முருங்கை என் உயரத்தைத் தாண்டியிருந்தது. அடித்தண்டு தடித்து வாளி ஒரு பக்கம் கீறிவிட்டிருந்தது. நல்ல வாளியாக மாற்றலாமே என்று குனிந்து தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. அடி ஓட்டை வழியாக வேர் மண்ணுக்குள் போயிருந்தது.

“ஆட்டாதீங்க தம்பி, பூ உதிருது” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.